தேதி மாறினால் எட்டு வேலையும் மாறணும்: ஒரு கல்யாண சமையல் காலண்டரை ஆட்டோமேட் செய்த அனுபவம்

ஐந்நூறு தலைவாழை இலை, கட்டுக் கட்டாக, காலை ஆறு மணிக்கு மயிலாடுதுறையில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கியது. அன்றைக்குக் கல்யாணம் இல்லை. இருந்த கல்யாணம் பத்து நாள் முன்பே அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப் போயிருந்தது, சித்தி அதை டைரியில் புதுப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தார், ஆனால் பழைய பக்கத்தை அடிக்கவில்லை, இலைக்காரரிடமும் சொல்லவில்லை. பால்காரர் முதல்நாள் ராத்திரியே போன் பண்ணிக் கேட்டதால் பால் மட்டும் தப்பியது. இலை இரண்டு நாளில் ஓரம் பழுத்துவிடும். அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக மிச்சம் மாட்டுக்குப் போனது.

சித்தப்பாவுக்குக் கல்யாண சமையல் தொழில், இரண்டு செட் மாஸ்டர்கள், ஒரே முகூர்த்தத்தில் இரண்டு ஆர்டர் வரை எடுப்பார். ஆர்டர் பேசுவது அவர், கணக்கும் தேதியும் சித்தி. ஆடியிலும் மார்கழியிலும் வீடு அமைதியாக இருக்கும், ஆவணி பிறந்தால் போன் கீழே வைக்க முடியாது, ஏனென்றால் நல்ல வளர்பிறை முகூர்த்தம் மாதத்தில் சில நாள்தான், ஊர் முழுக்க அந்த நாட்களைத்தான் பிடிக்கும். இலை வந்த அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். "இதுக்கு ஏதாவது பண்ணேண்டா" என்று சித்தி சொன்னதிலிருந்துதான் இது ஆரம்பம். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எழுதிவைக்கிறேன், இதே மாதிரி சின்னத் தொழிலுக்குக் காலண்டர் ஆட்டோமேஷன் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

ஒரு கல்யாணம், எட்டு தேதி

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கல்யாணம் ஒரு தேதி. உள்ளே எட்டு. முப்பது நாள் முன்பு மெனு முடிவு செய்யணும். பதினைந்து நாள் முன்பு மளிகை லிஸ்ட்டைப் பெண் வீட்டாரிடம் கொடுக்கணும். ஒரு வாரம் முன்பு பந்தி பரிமாறும் பசங்களுக்கு ஆள் கணக்கு சொல்லணும். மூன்று நாள் முன்பு பால், தயிர், இலை. முதல்நாள் விடிகாலை காய்கறி, அன்று மதியத்துக்குள் பாத்திரம் ஏற்றி மண்டபம் போய்ச் சேரணும், அப்புறம் முகூர்த்தம், மறுநாள் பாக்கிப் பணம். இந்த எட்டும் முகூர்த்த தேதியை வைத்து எண்ணுகிற கணக்கு. டைரியில் இதை எட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும், தேதி மாறினால் எட்டுப் பக்கத்திலும் அடித்துவிட்டு இன்னொரு எட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். சித்தி முகூர்த்தப் பக்கத்தில் மட்டும் எழுதுவார், மற்ற ஏழும் சித்தப்பா நினைவில்.

முதல் முயற்சி: ஒரு சாயங்காலத்தில் முடிந்தது

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு கூகுள் ஃபார்ம், பெயர், மண்டபம், முகூர்த்த தேதி, எத்தனை பேர் சாப்பாடு. ஃபார்மை அனுப்பினால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுளுக்குள்ளேயே சின்ன நிரல் எழுதி ஓட்டுகிற வசதி) ஓடி கூகுள் காலண்டரில் எட்டு நிகழ்வையும் போட்டுவிடும். ஒரு சாயங்காலத்தில் வேலை முடிந்தது. சித்தி ஒரு ஆர்டரைப் போட்டார், போனில் எட்டும் வரிசையாக வந்து நின்றது, எல்லோருக்கும் சந்தோஷம்.

இரண்டு வாரத்தில் முதல் தேதி மாற்றம் வந்தது. ஃபார்ம் என்பது சேர்க்க மட்டும்தான். சித்தி புதுத் தேதியை வைத்து இன்னொரு ஃபார்ம் போட்டார், புதிதாக எட்டு வந்தது, பழைய எட்டும் அப்படியே இருந்தது. திண்ணையில் இலை வந்து இறங்கியதற்கு என்ன காரணமோ அதே காரணத்தை நான் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. காலண்டரை நிரப்புவது பெரிய வேலை இல்லை, இணையத்தில் கிடைக்கிற செய்முறை விளக்கங்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகின்றன. ஏற்கெனவே போட்டதைத் தேடிப் பிடித்து மாற்றுவதும் ரத்து செய்வதும்தான் இதில் முக்கால்வாசி வேலை, இந்தத் தொழிலுக்குத் தேவையும் அதுதான்.

இரண்டாம் முயற்சி

ஃபார்மைத் தூக்கிவிட்டு ஒரு கூகுள் ஷீட் வைத்தோம். ஒரு ஆர்டருக்கு ஒரு வரி. வரிக்கு ஒரு எண், அது எப்போதும் மாறாது. நிலை என்று ஒரு கட்டம், அதில் நான்கே வார்த்தை: கேட்டிருக்காங்க, அட்வான்ஸ் வந்தாச்சு, தள்ளிவைப்பு, ரத்து. தேதி மாறினால் அதே வரியில் தேதியை மாற்ற வேண்டும், புது வரி போடக் கூடாது.

இதை ஓட்டுவதற்கு என்8என் எடுத்தேன். பல மென்பொருள்களை இணைத்து வேலையைத் தானாக ஓட்டுகிற, பெர்லினில் 2019இல் ஆரம்பித்த கருவி, நம் சொந்த சர்வரில் போட்டு நம் உள் வேலைக்கு இலவசமாக ஓட்டிக்கொள்ளலாம். இதே வேலையைச் செய்கிற ஜேப்பியர் இன்னும் சுலபம், ஆனால் அங்கே செய்து முடிக்கிற ஒவ்வொரு செயலுக்கும் கணக்கு உண்டு, ஒரு கல்யாணத்துக்கு எட்டு, தேதி மாறினால் இன்னொரு எட்டு என்றால் ஆவணியில் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. ஆப்ஸ் ஸ்கிரிப்டிலேயேகூடத் தொடர்ந்திருக்கலாம். ஆனால் என்8என்னில் வேலையின் ஒவ்வொரு படியும் திரையில் ஒரு கட்டம். நான் ஊரில் இல்லாதபோது சித்தப்பா பையன் திறந்து பார்த்தால் எந்தக் கட்டம் சிவப்பாகியிருக்கிறது, அதற்குள் என்ன தகவல் போனது, என்ன வெளியே வந்தது என்று கண்ணாலேயே பார்க்க முடிய வேண்டும். அதற்காகத்தான் என்8என்.

அந்தக் கட்டங்களின் தொடரைப் பாய்வு என்கிறேன். பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது ஷீட்டை முழுக்கப் படிக்கும். ஒவ்வொரு வரிக்கும் காலண்டரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கணக்குப் போடும். இருப்பதோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மட்டும் சரி செய்யும். புது வரியா, மாறிய வரியா என்ற கேள்வியே இல்லை, எப்போதும் ஒரே வேலை. இப்படி யோசிக்க ஆரம்பித்ததும்தான் பாதிச் சிக்கல் விட்டது.

நிகழ்வுக்கு நாமே எண் கொடுப்பது

எந்த வரிக்கு எந்த நிகழ்வு என்று எப்படித் தெரியும்? பலர் நிகழ்வின் தலைப்பை வைத்துத் தேடுகிறார்கள். அது ஆபத்து, மண்டபத்தின் பெயரில் ஒரு எழுத்து திருத்தினாலே தொடர்பு அறுந்துவிடும். கூகுள் காலண்டரோடு வேறு மென்பொருள் பேசுகிற வழியான ஏபிஐயில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது: நிகழ்வு உருவாக்கும்போது அதன் ஐடியை நாமே கொடுக்கலாம். அதே ஐடியில் மறுபடி உருவாக்கப் போனால் 409 என்று பிழை திரும்பும், பொதுவாக இரட்டிப்பு வராது. அதனால் ஆர்டர் எண் 0127, அதில் மூன்றாவது வேலை என்றால் ஐடி 012703. எந்த நேரத்திலும் எந்த நிகழ்வு யாருடையது என்று தேடாமலே தெரியும்.

இதில் ஒரு விதி உண்டு. ஐடியில் 0 முதல் 9 வரை இலக்கமும், சின்ன எழுத்தில் ‘ஏ’ முதல் ‘வி’ வரை உள்ள ஆங்கில எழுத்துகளும் மட்டும்தான் செல்லும், குறைந்தது ஐந்து எழுத்து இருக்க வேண்டும். நான் முதலில் மயிலாடுதுறையின் ‘எம்’, ‘ஒய்’ இரண்டையும் முன்னால் போட்டு ஆரம்பித்தேன், ‘ஒய்’ அந்த எல்லையைத் தாண்டிய எழுத்து என்பதால் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நடுவில் கோடும் போடக் கூடாது. வெறும் எண்ணே போதும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த விஷயம், அழித்த நிகழ்வின் ஐடி அழியாது. ஒரு கல்யாணம் பேச்சு முறிந்து ரத்தானது, எட்டையும் அழித்தாயிற்று, இரண்டு வாரம் கழித்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி அதே கல்யாணம் கூடி வந்தது. சித்தி நிலையை மாற்றினார், உருவாக்கப் போனால் 409, ஏனென்றால் அழிக்கப்பட்ட நிகழ்வு ரத்தானது என்ற நிலையில் உள்ளே இன்னும் இருக்கிறது. அதைப் புதிதாக உருவாக்கக் கூடாது, அதன் நிலையை உறுதியானது என்று மாற்றி உயிர்ப்பிக்க வேண்டும். அன்றிலிருந்து நாங்கள் எதையும் அழிப்பதே இல்லை. ரத்தானால் தலைப்பின் முன்னால் ‘ரத்து’ என்று சேர்ந்து நிறம் சாம்பலாகிவிடும். சித்தப்பாவுக்கு இது பிடித்திருக்கிறது, அந்தத் தேதி காலியானது கண்ணுக்குத் தெரிகிறது, யாராவது கேட்டால் கொடுத்துவிடுகிறார்.

நாளும் நேரமும்

அதிகம் பாடாய்ப் படுத்தியது இதுதான்.

முதலில் நியூயார்க். என்8என் நிறுவும்போது நேர மண்டலத்தை நாம் சொல்லாவிட்டால் அது அமெரிக்க நியூயார்க் நேரத்தை எடுத்துக்கொள்ளும், ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, நான் படிக்காமல் விட்டேன். அன்றைய வேலைப் பட்டியல் காலை ஐந்து மணிக்கு டெலிகிராமில் வர வேண்டும் என்று வைத்தேன். ஜூன் மாதம், மத்தியானம் இரண்டரை மணிக்கு வந்தது, காய்கறி வாங்கப் போக வேண்டிய செய்தி. அப்படியே விட்டிருந்தால் நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளும்போது மூன்றரைக்குப் போயிருக்கும். ஆசியா/கொல்கத்தா என்று சர்வர் அமைப்பிலும் அந்தப் பாய்வின் அமைப்பிலும் எழுதினேன், சரியாகிவிட்டது. நிகழ்வை அனுப்பும்போதும் நேரத்தோடு மண்டலத்தைச் சேர்த்தே அனுப்புகிறேன்.

அப்புறம் ஷீட். ஷீட்டின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 5/9 என்று நாம் தட்டுவது மே 9, செப்டம்பர் 5 இல்லை. தேதி 12க்கு மேல் இருந்தால் அதற்குப் புரியாமல் வெறும் எழுத்தாக இடதுபுறம் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதையாவது பார்த்துக் கண்டுபிடிக்கலாம். 12க்குள் இருந்தால் சத்தமில்லாமல் மாறிவிடும். ஆவணிக் கல்யாணம் ஒன்று இப்படித்தான் மே மாதத்தில் போய் உட்கார்ந்தது, தேதி ஏற்கெனவே கடந்துபோனதால் எந்த நினைவூட்டலும் வரவில்லை. சித்தி டைரியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்தார். கோப்பு மெனுவில் அமைப்புகளுக்குப் போய் வட்டாரத்தை இந்தியா என்று மாற்றினால் போதும். ஆனாலும் நான் இன்னொன்றும் செய்தேன், தேதிக்குப் பக்கத்துக் கட்டத்தில் அது என்ன கிழமை என்று தானாக வரும். சித்திக்கு எந்த முகூர்த்தம் என்ன கிழமை என்று மனப்பாடம், தப்பு இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

முழுநாள் நிகழ்வில் ஒரு விஷயம் தெரியாமல் ஒரு நாள் போனது. காலண்டர் உலகத்தில் முடிவுத் தேதி என்பது அந்த நாள் சேராத தேதி. காலண்டர் தகவலைப் பரிமாறும் ஐகாலண்டர் வடிவத்தை வரையறுக்கிற, 2009இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணத்திலேயே அப்படித்தான், கூகுளும் அதையே பின்பற்றுகிறது. 4ஆம் தேதி மாப்பிள்ளை அழைப்பு, 5ஆம் தேதி முகூர்த்தம், மண்டபம் இரண்டு நாளும் நம்முடையது என்று காட்ட முடிவுத் தேதியை 6 என்று கொடுக்க வேண்டும். நான் 5 கொடுத்தேன், காலண்டரில் 4 மட்டும் நிறம் பிடித்து நின்றது.

ஆனால் எந்த மென்பொருளும் தீர்க்காத சிக்கல், நாம் நாளைச் சொல்கிற விதம். "புதன் ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும்" என்று மாஸ்டர் சொன்னால் அது காலண்டர்ப்படி வியாழக்கிழமை. நம் பேச்சில் விடியும் வரை முந்தின நாள்தான், அதனால்தான் "புதன் ராத்திரி, விடிஞ்சா வியாழன்" என்று சேர்த்துச் சொல்கிறோம். நான் ஆரம்பத்தில் ஷீட்டில் அடுப்பு மூட்டும் நாள், நேரம் என்று தனிக் கட்டம் வைத்திருந்தேன், பாதிக்குப் பாதி தப்பாக வந்தது. அதை எடுத்துவிட்டேன். பத்திரிகையில் அச்சடித்திருக்கிற முகூர்த்த தேதியும் நேரமும் மட்டும்தான் கேட்பது, அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் கணக்கு. டெலிகிராம் செய்தியில் மட்டும் "இன்று ராத்திரி, விடிஞ்சா வியாழன், 2 மணி" என்று மாஸ்டர் பேசுகிற மாதிரியே எழுதி அனுப்புகிறது. அதன்பிறகு ஒருமுறையும் குழப்பம் இல்லை.

செவ்வாய்தோறும் நின்றது

ஒரு மாதம் வரை இது புரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆனால் கூகுள் இணைப்பு அறுந்துவிடும், நான் மறுபடி உள்நுழைந்து கொடுப்பேன், அடுத்த செவ்வாய் மறுபடி. காரணம், இந்த இணைப்புக்காகக் கூகுள் கிளவுடில் நான் உருவாக்கிய திட்டத்தைச் சோதனை நிலையிலேயே விட்டிருந்தேன். அந்த நிலையில் இருக்கும் வெளிப் பயனர் திட்டங்களுக்குப் புதுப்பிப்பு டோக்கன், அதாவது மறுபடி உள்நுழையாமல் இணைப்பைத் தொடர வைக்கிற சாவி, 7 நாளில் காலாவதியாகும். வெளியீட்டு நிலைக்கு மாற்றியதும் நின்றது.

இதில் இணைப்பு அறுந்ததைவிட, அறுந்தது யாருக்கும் தெரியாமல் இருந்ததுதான் என்னைக் கவலைப்படுத்தியது. செய்தி வரவில்லை என்றால் சித்தப்பா இன்றைக்கு வேலை இல்லை போல என்று நினைத்துக்கொண்டார். அதனால் இப்போது வேலை இல்லாத நாளிலும் காலையில் செய்தி வரும்: "இன்று ஒன்றும் இல்லை, ஷீட்டில் 31 ஆர்டர் இருக்கிறது." ஐந்தே காலுக்குள் எதுவுமே வரவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். பிழை வந்தால் தனியாக ஓடுகிற ஒரு பாய்வும் வைத்திருக்கிறேன், ஆனால் சர்வரே நின்றுவிட்டால் அதுவும் ஓடாது இல்லையா, சித்தப்பாவின் போன்தான் நம்பகம்.

கூகுள் காலண்டரின் நினைவூட்டலையே ஏன் நம்பவில்லை என்று கேட்கலாம். பகிர்ந்த காலண்டரில் நினைவூட்டல் ஒவ்வொருவர் கணக்குக்கும் தனித்தனி. என் பக்கத்திலிருந்து நான் வைக்கிற மணி சித்தப்பா போனில் அடிக்காது, அவரவர் போனில் அவரவர் வைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் போனை வாங்கி அமைப்பதைவிட டெலிகிராம் குழுவில் தானாகச் செய்தி அனுப்புகிற ஒரு பாட் போடுவது சுலபமாக இருந்தது.

யார் திருத்தலாம்

ஒருநாள் சித்தப்பா போன் காலண்டரில் பாத்திரம் ஏற்றும் நேரத்தை விரலால் இழுத்து மாலைக்கு மாற்றினார். பதினைந்து நிமிஷத்தில் பாய்வு அதைப் பழையபடி மதியத்துக்கே கொண்டுவந்துவிட்டது. மறுபடி இழுத்தார், மறுபடி திரும்பியது. "நான் மாத்தினா அது திருப்பி மாத்துதுப்பா, இது யார் காலண்டர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு பக்கமும் திருத்த விட்டால் எது கடைசி வார்த்தை என்று ஒவ்வொன்றுக்கும் தீர்மானிக்க வேண்டும், அந்தக் கிணற்றில் நான் இறங்கத் தயாராக இல்லை. ஆர்டர் காலண்டரை எல்லோருக்கும் பார்க்க மட்டும் அனுமதி என்று மாற்றினேன், எழுதுவது பாய்வின் கணக்கு மட்டும். சித்தப்பாவுக்குத் தனியாகக் ‘கைக்குறிப்பு’ என்று இன்னொரு காலண்டர், அதில் அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், எந்த இயந்திரமும் தொடாது. ஆர்டரில் மாற்றம் என்றால் சித்தியிடம் சொன்னால் ஷீட்டில் மாறும். தொழிலில் ஏற்கெனவே இருந்த ஒழுங்கும் இதுதானே, தேதி சித்தி கையில்.

சித்தியும் ஒருமுறை, தெரியாமல்தான், என்னை அலற வைத்தார். தலைப்பு வரியில் ‘முகூர்த்த தேதி’ என்று இருந்ததை நீளமாக இருக்கிறதென்று ‘முகூர்த்தம்’ என்று சுருக்கினார். பாய்வு தலைப்பை வைத்துத்தான் கட்டத்தைப் படிக்கும், எல்லா ஆர்டருக்கும் தேதி காலி என்று வந்தது. தேதி இல்லாத வரியைத் தொடாதே என்று எழுதியிருந்ததால் ஒன்றும் கெடவில்லை, அப்படி எழுதாமல் இருந்திருந்தால் சீசன் நடுவில் காலண்டர் முழுக்கப் போயிருக்கும். இப்போது தலைப்பு வரிக்குப் பூட்டு. அதோடு, ஒரே ஓட்டத்தில் மூன்று ஆர்டருக்கு மேல் மாற வேண்டி வந்தால் எதையும் செய்யாமல் நின்று என்னிடம் கேட்கும். அத்தனை கல்யாணம் ஒரே கால் மணி நேரத்தில் தேதி மாறுவது இந்த ஊரில் நடக்காது.

கருவி தேவைப்படாத இடங்கள்

ஒரே முகூர்த்தத்தில் மூன்றாவது ஆர்டர் வந்தால் எச்சரிக்கை வேண்டும் என்று பாய்வில் ஒரு கட்டம் போட்டேன். பிரயோஜனமில்லை, பதினைந்து நிமிஷம் கழித்து வரும் எச்சரிக்கைக்குள் சித்தி போனில் சரி என்று சொல்லியிருப்பார். ஷீட்டிலேயே ஒரு சின்ன சூத்திரம், அந்தத் தேதியில் அட்வான்ஸ் வந்த ஆர்டர் எத்தனை என்று எண்ணி, இரண்டு ஆனால் கட்டம் சிவப்பு. தேதியைத் தட்டிய நொடியில் தெரியும்.

முகூர்த்த நாட்களையும் தானாக எடுக்கலாமா என்று சித்தப்பா பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், திருக்கணிதம் வேறு சொல்லும், கடைசியில் பெண் வீட்டு ஜோசியர் குறித்துக் கொடுப்பதுதான் நாள். சித்திரை பிறந்ததும் சித்தி பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் தட்டுவேன், ஒரு மணி நேர வேலை, வருஷத்துக்கு ஒருமுறை.

போன தை மாதம்

மாப்பிள்ளை வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டார், கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டிய நிலை. ராத்திரி எட்டு மணிக்குப் பெண்ணின் அப்பா போன் பண்ணினார். சித்தி துக்கம் விசாரித்துக்கொண்டே ஷீட்டைத் திறந்து நிலையைத் தள்ளிவைப்பு என்று மாற்றினார், எட்டேகாலுக்கு எட்டு நிகழ்வும் சாம்பல் நிறம், அதில் ஒன்று மூன்றாம் நாள் இலைக்குச் சொல்வது. நான்கு நாள் கழித்து மாசியில் புதுத் தேதி வந்தது, அதே வரியில் தட்டினார், எட்டும் அங்கே போய் நின்றது.

அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்பு காலை ஐந்து மணிச் செய்தியில் இலையும் பாலும் வந்தது. சித்தி இலைக்காரருக்குப் போன் போட்டு அறுநூறு இலை சொன்னார், சொல்லிவிட்டு டைரியிலும் பென்சிலால் குறித்துக்கொண்டார். டைரியை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவே இல்லை. நெட் கிடைக்காத மண்டபங்கள் இந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன.

இன்னும் தீராதது ஒன்று. ஷீட்டில் யாராவது ஒரு வரியையே அழித்துவிட்டால், அதன் எட்டு நிகழ்வும் காலண்டரில் சொந்தக்காரர் இல்லாமல் நிற்கும். இப்போதைக்கு அப்படி ஏதாவது இருந்தால் காலைச் செய்தியின் கடைசியில் ஆர்டர் எண்ணோடு ஒரு வரி வருகிறது, நான் போய்ப் பார்த்துச் சரி செய்கிறேன். வைகாசிக்குள் அதற்கும் ஒரு வழி பண்ண வேண்டும்.